ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

2023 மார்ச்சில் அப்பா அம்மா இங்கே வந்திருந்தபோது, நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்த்துவிட்டு டல்லாஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பதரை இருக்கும். ஐ-20 நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் கும்மிருட்டு, ஃபோர்ட் வொர்த் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பிக்கப் வண்டி மெல்ல வலது பக்கமாக இழுத்துக்கொண்டே போய், ஓரத்துச் சரிவில் இறங்கி, ஒருக்களித்துக் கவிழ்ந்தது. பிரேக் விளக்குகூட எரியவில்லை. தூங்கியிருப்பான் போல.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911 அடித்தேன். இங்கே எடுத்தவுடன் பெரும்பாலும் "எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள், முகவரி என்ன?" என்றுதான் கேட்பார்கள், என்ன ஆச்சு என்பது அதற்கப்புறம். அதில் நியாயம் இருக்கிறது. பாதியில் லைன் அறுந்தாலும் இடம் தெரிந்தால் ஆளையாவது அனுப்பலாம். நான் ஐ-20, கிழக்கே போகும் பக்கம் என்றேன். மைல் கல் எண் என்ன என்றாள் போனை எடுத்த பெண். தெரியவில்லை. கடைசியாகத் தாண்டிய எக்ஸிட்? அதுவும் நினைவில்லை. பின்சீட்டிலிருந்து அப்பா, "பக்கத்துல கோயில், கொளம், பெட்ரோல் பங்க் ஏதாச்சும் இருக்கான்னு பாருலே" என்றார். சுற்றிலும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் ஒரே நேரத்தில் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது எங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இல்லை, பக்கத்துக் கவுண்டி, லைனிலேயே இருங்கள், மாற்றிவிடுகிறேன் என்றாள். அப்புறம் நிசப்தம். பிறகு மணி அடித்தது. வேறொரு குரல், "911, முகவரி என்ன?" மறுபடி முதலிலிருந்து. எல்லாம் முடிந்து போனை வைத்தபோது அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு, ஆள் மாறுறதுக்கு மட்டும்" என்றார். வண்டியில் இருந்த பையன் அதற்குள் ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்து புல்லில் உட்கார்ந்திருந்தான், கை மட்டும் உடைந்திருந்தது. சரி, தப்பித்தான்.

என்னை உறுத்தியது வேறு. என் சோறே இதில்தான். ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஜி.ஐ.எஸ். வேலை பார்க்கிறேன். 911 அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும், எந்த ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலை. அந்த வரைபடத்துக்குள் நின்றுகொண்டு நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்பா கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஸ்ட்ரோஜர், கிராஸ்பார், அப்புறம் எலக்ட்ரானிக் என்று மூன்று தலைமுறை எந்திரங்களைக் கழற்றி மாட்டியவர். அவருக்கு என் வேலை என்னவென்று அதுவரை புரிந்ததே இல்லை. "மேப் போடுறான்" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ராத்திரிக்குப் பிறகு விடவில்லை. மறுநாள் காலை காபி டம்ளரோடு உட்கார்ந்து, "நீ எங்க நின்னேன்னு உன் போனுக்குத் தெரியும்ல, பெறகு ஏன் தப்பான ஊருக்குப் போச்சு?" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் டிரங்க் லைன் என்றால் என்னவென்று தெரிந்த ஆளிடம் அது நடக்காது.

அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் நடந்தது. ஏ.டி. அண்ட் டி. கம்பெனி, இனி நாடு முழுக்க 911 என்று அறிவித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்குள் அலபாமா டெலிபோன் கம்பெனி என்ற சிறு கம்பெனி முந்திக்கொண்டது. ஊர் மண்டபத்தில் இருந்து ஒரு அரசியல்வாதி போன் போட, போலீஸ் நிலையத்தில் இன்னொரு அரசியல்வாதி எடுத்து "ஹலோ" என்றார். கதை அவ்வளவுதான். அந்த 'முந்திக்கொள்வது'தான் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று எனக்குத் தோன்றும். எண் நாட்டுக்கே பொதுவானது, ஆனால் எடுக்கிற அறையை ஊர் ஊராக, கவுண்டி கவுண்டியாக அவரவர் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு இப்படி ஏறத்தாழ 6,000 அறைகள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் அதை 'பீ-சாப்' என்போம். வருஷத்துக்குச் சுமார் 24 கோடி அழைப்புகள். சில அறைகளில் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிலவற்றில் ஷெரிஃப் அலுவலகத்தின் பின்பக்கம் இரண்டு மேசை, ராத்திரியில் ஒரே ஒரு ஆள், அவரே ஜெயில் கதவையும் திறந்துவிட வேண்டும்.

பழைய ஏற்பாட்டை அப்பாவுக்குச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டு போனிலிருந்து 911 அடித்தால் அது செலக்டிவ் ரூட்டர் என்ற ஸ்விட்சுக்குப் போகும். அந்த எண்ணுக்கு எந்த அறை என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துத் தனி டிரங்க் வழியாகத் தள்ளிவிடும். அறையில் எடுப்பவரின் கணினி, வந்த எண்ணை வைத்து இன்னொரு தரவுத்தளத்தில் முகவரியைத் தேடி எடுக்கும். அந்த டிரங்குகளுக்கு 'காமா' என்று பெயர். தொலைதூர அழைப்புக்குப் பில் போடுவதற்காக எப்போதோ செய்த ஏற்பாடு அது. அழைத்தவரின் எண் கூடவே வருகிறது என்பதால் 911-க்கு எடுத்துக்கொண்டார்கள். "பில்லிங் டிரங்கையா உசுரு காப்பாத்த வச்சிருக்கான்?" என்று அப்பா சிரித்தார்.

வீட்டு போன் வீட்டிலேயே இருந்தவரை இது அருமையாக வேலை செய்தது. செல்போனுக்கு முகவரி ஏது? அதனால் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் அழைப்பைக் கோபுரத்தின் எந்தப் பக்கத்து ஆண்டெனா வாங்கியதோ, அந்தப் பக்கத்துக்கு எந்த அறை என்று எழுதி வைத்திருக்கிறதோ அங்கே போகும். மேற்கு டெக்சாஸ் மாதிரி சமவெளியில் ஒரு ஆண்டெனாவின் வீச்சு இரண்டு மூன்று கவுண்டிகளைத் தொட்டுக்கொண்டு போகும். நான் நின்ற இடம் ஒரு கவுண்டி, என் குரலை வாங்கிய ஆண்டெனா வேறு கவுண்டிக்கு எழுதிக்கொடுத்தது. போனுக்கு இடம் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தத் துல்லியமான இடம் வந்து சேர்வதற்குள் அழைப்பு எங்கோ போய் உட்கார்ந்துவிடும். இடத்தைப் பார்த்து வழி தீர்மானிக்க வேண்டும் என்று பெரிய செல்போன் கம்பெனிகளுக்கு எஃப்.சி.சி., அதாவது அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம், உத்தரவு போட்டதே 2024 ஜனவரியில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னக் கவுண்டிகளில் செல்போன் அழைப்புக்கென்று இரண்டு மூன்று டிரங்க்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு விபத்து என்றால் போகிற வருகிற பத்து பேரும் போன் போடுவார்கள். முதல் மூன்று பேர் உள்ளே. அதே நேரத்தில் ஊருக்குள் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறினால் அவருக்கு லைன் கிடைக்காது, அல்லது பக்கத்துக் கவுண்டிக்கு வழிந்து போகும். இதைச் சொன்னதும் அப்பா அந்த ரெக்கார்டிங் அம்மாவின் குரலிலேயே இழுத்துச் சொன்னார்: "இந்தத் தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன."

சரி, இதற்கு இப்போது என்ன செய்கிறார்கள்? அறைகளுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை மாற்றுகிறார்கள். ஒரு பிராந்தியத்தில் இருக்கும் எல்லா அறைகளையும் தனியான, அவசரத்துக்கென்றே உள்ள ஒரு ஐ.பி. நெட்வொர்க்கில் கோக்கிறார்கள். இண்டர்நெட் மாதிரிதான், ஆனால் இண்டர்நெட் இல்லை. அழைப்பை எடுக்கும் எந்திரங்கள் இனி அறைக்கு அறை கிடையாது, தள்ளித் தள்ளி இரண்டு தரவு மையங்களில் ஜோடியாக இருக்கும், அறைகள் அதில் வெறும் மேசைகள். ஒரு ஊரில் டொர்னேடோ அடித்துக் கட்டடம் போய்விட்டால், அங்கே இருந்த பெண் பக்கத்து ஊர் அறையில் போய் உட்கார்ந்து தன் பெயரில் லாகின் செய்து, தன் ஊர் அழைப்புகளையே எடுக்கலாம். குறுஞ்செய்தி வரும், படம் வரும். வழி தீர்மானிப்பது பட்டியல் இல்லை, வரைபடம். அழைப்பவர் நிற்கும் புள்ளி எந்தப் பாலிகனுக்குள், அதாவது வரைபடத்தில் கோடு போட்டு அடைத்த எந்தப் பகுதிக்குள் விழுகிறதோ, அந்த அறை. நான் வருவது இந்த இடத்தில்தான்.

டெக்சாஸில் இதற்குத் தோதாக ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. பெரிய நகரங்கள் சில தனியாக நடத்திக்கொள்ளும். மற்றபடி பல இடங்களில் பல கவுண்டிகள் சேர்ந்த பிராந்தியக் கவுன்சில்கள் 911-ஐப் பொதுவாகப் பார்த்துக்கொள்கின்றன. வடமத்திய டெக்சாஸ் கவுன்சில், டல்லாஸ் பக்கம் இருக்கும் தமிழர்களில் பலருக்குத் தெரியாமலே அவர்களுடைய 911-ஐ நடத்திக்கொண்டிருக்கும் அமைப்பு, இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளைப் பார்த்துக்கொள்கிறது. தனித்தனியாக வாங்கினால் இரண்டு மேசைக்காரனும் ஒரு முழு அலமாரி சர்வர் வாங்க வேண்டும். சேர்ந்து வாங்கினால் பங்கு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது யாரும் படிக்காத இடத்தில் அச்சாகியிருக்கிறது: உங்கள் செல்போன் பில்லின் அடியில். டெக்சாஸில் ஒரு செல்போன் எண்ணுக்கு மாதம் 50 சென்ட். பிரீபெய்டு என்றால் வாங்கும்போது 2 சதவீதம். பத்தாயிரம் பேர் இருக்கிற கவுண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு போன் என்றாலும் வருஷத்துக்கு 60,000 டாலர். ஒரு நாற்காலியில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது நாலைந்து பேருக்குச் சம்பளம் வேண்டும். அதற்கே இது எட்டாது, எந்திரம் எங்கே வாங்க? நகரத்தில் கம்பி நூறு அடி போட்டால் ஐம்பது வீடு. கிராமத்தில் ஐந்து மைல் போட்டால் ஒரு பண்ணை வீடு, அதிலும் இருப்பது எண்பது வயது ஆள், அவருக்குத்தான் ஆம்புலன்ஸ் அதிகம் தேவைப்படும். இதனால் மாநிலம் முழுக்க ஒரு சிறு சமப்படுத்தும் கட்டணம் வாங்கி, இல்லாத இடத்துக்குக் கொடுக்கிறார்கள். டல்லாஸில் எட்டு போன் வைத்திருக்கும் எங்கள் அடுக்குமாடி நண்பர் குடும்பம், தங்களுக்கே தெரியாமல், தாங்கள் ஒருபோதும் போகப்போகாத ஒரு ஊரின் ஓடைக்கரை வீட்டுக்குச் சில சென்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. இப்படி 911 பேரில் வாங்கிய பணத்தை மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்புவது. 2008 சட்டப்படி எஃப்.சி.சி. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு இதைப் பற்றி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். நியூயார்க், நியூஜெர்சி பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வரும். கோயில் உண்டியல் பணத்தில் ஊர்த் தலைவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான், என்ன, இவர்கள் ரசீது வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

மத்திய அரசு பணம் கொடுக்கிறதா என்றால், கொடுத்தது, ஒரு துளி. 2019-இல் 34 மாநிலங்களுக்கும் 2 பழங்குடி நாடுகளுக்கும் சேர்த்து சுமார் 10.9 கோடி டாலர். நாடு முழுக்க மாற்ற எவ்வளவு ஆகும் என்று அதற்கு முந்தைய வருஷம் அரசே போட்ட கணக்கு 950 கோடியிலிருந்து 1,270 கோடி டாலர். நூற்றில் ஒரு பங்கு. ஸ்பெக்ட்ரம் ஏலப் பணத்திலிருந்து மீதியைத் தரலாம் என்று வருஷக்கணக்காகப் பேசினார்கள், பேச்சு நடக்கும்போதே 2023 மார்ச்சில் ஏலம் விடும் அதிகாரமே காலாவதியானது. டெக்சாஸுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம். கோவிட் நிவாரணமாக வந்த மத்தியப் பணத்தில் 15 கோடி டாலரை 2021-இல் மாநில சட்டமன்றம் இதற்கென்று ஒதுக்கியது. என் சம்பளமும் சுற்றி வளைத்து அதில்தான் வந்தது. கொள்ளைநோய்ப் பணத்தில் ஓடைக் கரையை அளந்துகொண்டிருந்தேன்.

அந்த ஓடைக்கு வருகிறேன்.

2023 கோடையில் எனக்கு வந்த வேலை, அடுத்தடுத்த இரண்டு கவுண்டிகளின் வரைபடங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டுவது. சொல்லும்போது சுலபம். இரண்டு கவுண்டிக்கும் நடுவே ஒரு ஓடை எல்லை. ஒரு கவுண்டிக்காரர் பழைய சர்வே கணக்குப்படி கோடு போட்டிருந்தார். இன்னொருவர் செயற்கைக்கோள் படத்தில் ஓடை தெரிகிற இடத்தில் போட்டிருந்தார். நூறு வருஷத்தில் ஓடை நகர்ந்துவிட்டது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சில இடங்களில் கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போயின, அந்தத் துண்டு இரண்டு பேருக்கும் சொந்தம். சில இடங்களில் நடுவே சந்து, அது யாருக்கும் சொந்தமில்லை. பெரும்பாலும் பத்து அடி, பதினைந்து அடி. ஒரு வளைவில் மட்டும் எழுபது அடி அகலம். அந்த எழுபது அடிக்குள் ஒரு வீடு.

காகிதத்தில் இது பெரிய விஷயமில்லை. அங்கே ஆண்டாண்டு காலமாக இருப்பவர் யாருக்கு வரி கட்டுகிறார் என்று அவருக்குத் தெரியும், ஷெரிஃபுக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. அந்த வீட்டு முற்றத்திலிருந்து 911 அடித்தால், இந்தப் புள்ளி எந்தப் பாலிகனில் என்று நெட்வொர்க் கேட்கும், எதிலும் இல்லை என்று பதில் வரும், அப்புறம் ஏதோ ஒரு பொது அறைக்குத் தள்ளிவிடும். பழைய குழப்பமாவது மனுஷனோடு பேசித் தீர்க்கக்கூடிய குழப்பம். புதியது நாமே கோடு கோடாக வரைந்து வைத்தது.

ஒரு நாள் அங்கே நேரில் போனேன். மண் ரோடு. ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அதன் பெயர் கவுண்டி ரோடு, மூன்று இலக்க எண். பாலம் தாண்டினால் அதே ரோடு, அதே புழுதி, நாலு இலக்க எண். வேலி வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எண்கள், ராத்திரி வண்டி விளக்கில் மின்னும் வகை. வாசல் ஒரு கவுண்டி எண்ணைச் சொல்கிறது, வீடு உள்ளே கால் மைல் தள்ளி ஓடையைத் தாண்டி இருக்கிறது. தபால் வருவது மூன்றாவது ஊரின் பெயரில். அந்த வீட்டுக்காரர் தொப்பியை உயர்த்திக்கொண்டு, "ஆம்புலன்ஸ்காரனுக்கு நான் பழைய ஜின்னுக்குப் பின்னாடின்னு சொல்வேன், வந்துருவான்" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். ஜின் என்றால் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரி. அது மூடி ரொம்ப நாளாகிவிட்டது, தகரக் கூரை பாதி இல்லை, ஆனால் ஊருக்கு வழி அதுதான். எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கும் அடையாளம் ஒரு மூடிய ஜின்னிங் ஃபேக்டரி. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வந்தபோது முழு மாநிலத்துக்கும் சென்னையில் ஒரே அறை. ஆறாயிரம் அறைகளின் எல்லைத் தகராறு நமக்கு இல்லவே இல்லை, நியாயமாகப் பார்த்தால் நாம்தான் முன்னோடி. ஆனால் சென்னையில் போனை எடுத்த பெண்ணுக்கு எந்த ஜின் என்று தெரியாது. "எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, பக்கத்துல என்ன இருக்கு" என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். பின்னால் வந்த 112-உம், டெல்லி சம்பவத்துக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியில் சுமார் 321 கோடி ரூபாய் ஒதுக்கி 2018, 2019-இல் மாநிலம் மாநிலமாகத் தொடங்கினார்களே, அதுவும் இந்த ஒற்றை எண், பொது நிதி வழிதான்.

இரண்டு கவுண்டிகளும் உட்கார்ந்து பேசிய கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், புரொஜெக்டரில் வரைபடம் காட்ட. எழுபது அடியை யார் எடுத்துக்கொள்வது என்பதில் பத்து நிமிடத்தில் உடன்பாடு வந்துவிட்டது. கவுண்டியின் சட்ட எல்லையைத் தொட வேண்டியதில்லை, அழைப்பை யார் எடுப்பது என்பதற்குத் தனிக் கோடு போட்டு இரண்டு பேரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மீதி ஒன்றே முக்கால் மணி நேரமும் ஓடியது வேறு பயத்தில். நெட்வொர்க்கைப் பகிர்ந்தால் அடுத்தது அறையையும் சேர்த்துவிடுவார்களோ என்று. அது வெறும் பயமும் இல்லை. இல்லினாய் மாநிலம் 2015-இல் சட்டமே போட்டு, சின்ன அறைகளைச் சேர்க்கச் சொன்னது. ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண்மணி பின்வரிசையிலிருந்து எழுந்து, அறையை எண்பது மைல் தள்ளிக் கொண்டுபோனால் ஜின் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள், கம்பியை மட்டும்தான் சேர்க்கிறோம், நாற்காலியை இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. என்னைக் கேட்டால், அவர் கேட்டது சரியான கேள்வி, ஆனால் நெட்வொர்க்கைப் பகிராமல் இருந்தால்தான் அந்த நாற்காலி சீக்கிரம் போகும். தனியாக எந்திரம் வாங்கப் பணமில்லாத கவுண்டி கடைசியில் அறையையே மூட வேண்டி வரும்.

அப்பாவுக்கு இதில் வேறு சந்தேகம். அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் வீடியோவில் பேசுவோம். "எல்லா முட்டையும் ரெண்டு கூடையில வச்சா, கூடை விழுந்தா?" என்றார். விழுந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் ஏழு மாநிலங்களில், ஒரு கோடியே பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பகுதிகளில், ஆறு மணி நேரம் வரை 911 கோளாறு. 6,600-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச்சேரவில்லை. வாஷிங்டன் மாநிலம் முழுக்கப் பாதிப்பு. சியாட்டில் பக்கம் ஒரு பெண், வீட்டுக்குள் ஆள் புகுந்தபோது முப்பத்தேழு முறை அடித்துப் பார்த்தார் என்று செய்தி. காரணத்தை எஃப்.சி.சி. விசாரித்தபோது, புயலும் இல்லை பூகம்பமும் இல்லை. கொலராடோவில் ஒரு மையத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண் கொடுக்கும் மென்பொருள், அதற்கு உச்சவரம்பு 4 கோடி என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். 4 கோடி ஆனது, நின்றுவிட்டது. மயாமியில் மாற்று மையம் சும்மாதான் இருந்தது, எச்சரிக்கை மணி சின்னக் கோளாறு மாதிரி அடித்ததால் அங்கே மாற்றிவிட யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க காலத்துல ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மீட்டர் சுவத்துல இருக்கும். மாசாமாசம் போட்டோ எடுத்துப் பில் போடுவோம். 9999 ஆனா சுத்திப் பூஜ்யத்துக்கு வந்துரும். பில்லுதான் தகராறாகும், போன் நிக்காதே" என்றார். நாலு கோடி வரை எண்ணத் தெரிந்த எந்திரத்துக்குத் திரும்பிச் சுற்றத் தெரியவில்லை என்பது அவரை அந்த 6,600-ஐவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது என்று நினைக்கிறேன்.

2020 கிறிஸ்துமஸ் அன்று நாஷ்வில்லில் ஒருவன் ஏ.டி. அண்ட் டி. கட்டடத்துக்கு வெளியே வண்டியோடு குண்டு வெடிக்கச் செய்தான். அந்த ஒரு கட்டடம் அடிபட்டதில் டென்னசி தாண்டிக் கென்டக்கி, அலபாமா வரை பல இடங்களில் 911 போனது. 2024 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் யாரோ விளக்குக் கம்பம் நடக் குழி தோண்டினார்கள், நெப்ராஸ்காவிலும் தெற்கு டகோட்டாவிலும் லாஸ் வேகாஸிலும் 911 எடுக்கவில்லை. கம்பம் கான்சாஸ் சிட்டியில், ஆபத்து லாஸ் வேகாஸில். பகிர்ந்துகொள்வதில் மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டாவது பாதைக்கு, வேறு கம்பெனியின் கம்பிக்கு, வேறு தெரு வழியாகச் செலவழிக்காவிட்டால் அது மிச்சமே இல்லை. பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான், ஏனென்றால் வேலையே செய்யாமல் இருப்பதற்குத்தான் அதற்குப் பணம்.

இந்த வருஷம் வசந்தத்தில் புதிய நெட்வொர்க்குக்கு மாறிய பிறகு, சோதனை அழைப்புகளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிராந்திய அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் வண்டி ஓட்டினார், என் மடியில் மூன்று செல்போன் கம்பெனிகளின் போன்கள், கையில் பட்டியல். எல்லையோரமாகப் போய்க்கொண்டே நிற்க வேண்டும், 911 அடிக்க வேண்டும், இது சோதனை அழைப்பு, நீங்கள் எந்தக் கவுண்டி, திரையில் எந்த இடம் தெரிகிறது என்று கேட்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்த இடம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாலும், உண்மையான அழைப்பு குறுக்கே வந்தால் அவர்கள் சட்டென்று வைத்துவிடுவார்கள், நாம் காத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் அப்படி இருபது நிமிடம் காத்திருந்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தில் சைரன் கேட்கிறதா என்று இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

ஓடைப் பாலத்துக்கு வந்தோம். பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று முதல் போனில் அடித்தேன். சரியான கவுண்டி. அந்த ராத்திரி ஷிஃப்ட் பெண்மணியின் குரல் மாதிரி இருந்தது, இருக்கலாம். திரையில் எங்கள் புள்ளி பாலத்துக்குத் தெற்கே விழுந்திருப்பதாகச் சொன்னார், ஜின்னையும் சொன்னார். இரண்டாவது போன், அதே கவுண்டி. மூன்றாவது போனில் மணி அடித்து, ஓர் ஆண் எடுத்து, பக்கத்துக் கவுண்டியின் பெயரைச் சொன்னார். மறுபடி அடித்தேன், மறுபடியும் அவரே. ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் நேரத்தையும் கம்பெனியையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன், அவர் வண்டியை எடுத்தார்.